உபயங்கள் மூடிய சுவர்: கடலோரப் பங்குக் கோயில் ஒன்றின் சீரமைப்பு

பின்னணி

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலைப் பற்றியது இது. கோயில் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் வருகிற எல்லாரும் இன்னும் அதே ஞாயிறு பூசைக்கு வந்து அதே பெஞ்சில் உட்காருகிறவர்கள். நான் அந்தப் பங்கைச் சேர்ந்தவன், சிவில் படித்தவன், சீரமைப்புக் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருந்தவன். பழைய கோயில்களை வைத்துக்கொண்டு திண்டாடும் மற்றப் பங்குகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டடம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, இரண்டடி கனத்தில் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை போட்டு, அதன்மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கோணவாட்டத்தில் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு (தட்டையான செங்கல் ஓடு) பதித்த மாடி. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதி வீடானாலும் தமிழர் பகுதி வீடானாலும் பழைய வீடு என்றால் மேலே பெரும்பாலும் இதே வேலைதான். முன்பக்கம் மணிக்கூண்டு, உள்ளே மரப்பீடம், இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள். கட்டினவர்கள் சிமென்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பிற்பாடு நடந்த அத்தனையையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

அப்புறம் உபயங்கள். எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஏதாவது செய்ய ஆசைப்படாத குடும்பமே கிடையாது. மீன்பாடு நன்றாக இருந்த வருடம், பிள்ளை வெளிநாடு போன வருடம், பிரெஞ்சு பென்ஷன் நிலுவை வந்த வருடம் என்று ஒவ்வொரு நல்ல காலத்துக்கும் கோயிலில் ஒரு அடையாளம் இருக்கும். 80களில் உள்சுவருக்குச் சிமென்ட் பூச்சு. 90களில் அதன்மேல் பளபளப்பான பெயின்ட். 2000த்துக்குப் பிறகு ஒரு சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) உள்சுவரில் ஐந்தடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தது. இன்னொருவர் தரைக்குக் கிரானைட். இன்னொருவர் தேர்பவனிக்கு வசதியாகக் கோயிலைச் சுற்றிக் கான்கிரீட் தளம். எல்லாவற்றிலும் கருப்புக் கல்லில் பெயர் வெட்டிப் பதித்திருக்கும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன அந்தப் புயலில் கோயிலுக்குப் பெரிய சேதம் இல்லை, மணிக்கூண்டின் சிலுவை சாய்ந்தது, மாடியில் சில தட்டோடுகள் பெயர்ந்தன. அதற்கு யாரோ நல்ல மனதோடு பணம் கொடுக்க, தட்டோட்டுக்கு மேலேயே இரண்டு அங்குலக் கான்கிரீட் போட்டு, ரசாயனப் பூச்சு அடித்து, வெள்ளை டைல்ஸும் ஒட்டினார்கள். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே வெயில் கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான்.

என்ன தெரிந்தது

2015 மழையில் பீடத்துக்கு இடதுபக்கச் சுவரில் ஈரம் ஏறியது. டைல்ஸுக்கு மேலே, ஆறடி ஏழடி உயரத்தில், பெயின்ட் கொப்பளித்து உப்புப் பூத்தது. சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடித்தார்கள். அடுத்த மழைக்கு மறுபடி. வருடாவருடம் திருவிழாவுக்கு முன்னால் அந்தச் சுவருக்கு ஒரு பெயின்ட் என்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. 2021 நவம்பர் மழையில் பாடகர் குழு உட்காரும் இடத்தில் கூரையிலிருந்து பூச்சு ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அன்று பூசை இல்லாததால் யாருக்கும் அடி இல்லை.

பயம் அப்போதுதான் வந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு 2014 நவம்பர் 29 மறக்காது. கடற்கரைச் சாலையில் 1870களில் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) மழையில் அப்படியே உட்கார்ந்துபோன நாள் அது. 'நம்ம கோயிலும் ஒருநாள் அப்படித்தான்' என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் இடித்துக் கட்டுவதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

அதற்கு முன்னால் கட்டடத்தை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று பங்குத்தந்தை சொன்னார். பழைய சுண்ணாம்பு வேலையில் பழக்கமுள்ள ஒரு கட்டடக் கலைஞரையும், வயதான ஒரு மேஸ்திரியையும் கூட்டிவந்தோம். மேஸ்திரி முதலில் உள்ளேயே வரவில்லை. நேராக மாடிக்கு ஏறினார். மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்புகளைக் காட்டி, 'இந்த வாயைப் பாருங்க சாமி' என்றார். மாடியில் மூன்று அங்குலத்துக்குத் தளம் உயர்ந்திருந்ததால் கைப்பிடிச் சுவரோரத் தூம்புகளின் வாய் பாதி புதைந்திருந்தது. சிலவற்றில் சிமென்டே வழிந்து இறுகியிருந்தது. அதாவது மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சுவரோரமாகத் தேங்கி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்து விரிசலில் இறங்கி, கீழே தேக்குக் கட்டைகளின் முனை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாரம் கட்டி ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உளியால் குத்திப் பார்த்தபோது, வடக்குப் பக்கத்தில் உளி பிடிவரைக்கும் உள்ளே போனது. நடுப்பகுதி மரமோ இரும்பு மாதிரி இருந்தது. பர்மாத் தேக்கு, கரையான்கூடத் தொடவில்லை.

இதோடு கூடுதல் பாரம் வேறு. இரண்டு அங்குலக் கான்கிரீட் என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. முனை உளுத்த கட்டைமேல் அதை ஏற்றி வைத்திருந்தோம்.

சுவர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கடலோர மண்ணில் ஈரமும் உண்டு, உப்பும் உண்டு. நாட்டுச் செங்கல் அதைக் கீழேயிருந்து உறிஞ்சும், எப்போதும் உறிஞ்சிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. முன்பு தரை செங்கல் பதித்த தரை, சுவர் சுண்ணாம்புப் பூச்சு, வெளியே வெறும் மண். ஏறிய ஈரம் ஓரடி இரண்டடிக்குள் மூன்று வழியிலும் ஆவியாகிப் போய்விடும், உப்பு சுண்ணாம்புப் பூச்சின் மேல் வெள்ளையாகப் படியும், வருடத்துக்கு ஒருமுறை துடைத்துச் சுண்ணாம்பு அடித்தால் வேலை முடிந்தது. கிரானைட் வந்ததும் தரைவழி அடைத்தது. டைல்ஸ் வந்ததும் உள்சுவர் வழி அடைத்தது. வெளித் தளமும் சிமென்டும் மிச்ச வழியையும் அடைத்தன. ஈரம் எங்கே போகும்? மேலேதான் போகும், டைல்ஸ் முடியும் ஐந்தடியைத் தாண்டி. போகும் வழியில் உப்பு சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொடிப்பொடியாக உடைக்கும். நாங்கள் ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தபோது பின்னால் செங்கல்லை விரலால் சுரண்டி எடுக்க முடிந்தது.

பீடத்துக்கு மேல் வளைவில் ஒரு விரிசல் இருந்தது. பயந்தவர்கள் எல்லாரும் காட்டியது அதைத்தான். அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி விட்டோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். 2022 மழைக்காலம் முழுக்கப் போய், தை மாதம் வந்த பிறகும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அது எப்போதோ நகர்ந்து, எப்போதோ நின்றுபோன பழைய விரிசல்.

எடுத்த முடிவுகள்

மேசைமேல் மூன்று யோசனைகள் இருந்தன. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது ஒன்று. இதற்கு ஆதரவு அதிகம், குறிப்பாக இளைஞர்களிடம், ஏனென்றால் திருவிழா நாளில் பாதிப் பேர் வெளியே பந்தலில்தான் நிற்கிறார்கள். அந்தக் குறை நியாயமானதுதான். ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னது இரண்டாவது யோசனை: நான்கு மூலையிலும் கான்கிரீட் தூண் எழுப்பி, சுவருக்குள் சிமென்ட் பால் செலுத்தி, மறுபடி டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்றார். மூன்றாவது, சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்டதை மட்டும் மாற்றி, சுண்ணாம்பிலேயே செய்வது.

கண்ணாடி உடையாததுதான் இரண்டாவது யோசனையைத் தள்ளியது. சுவர் நகரவில்லை என்றால் தூண் எதற்கு? அதோடு சிமென்ட் பால் என்பது ஈரம் வெளியேறும் வழியைச் சுவரின் நடுவிலும் அடைக்கிற வேலை. இடிப்பதற்கான வாதம் கூட்டத்தில் ரொம்ப நேரம் ஓடியது. கடைசியில் அதை நிறுத்தியது கணக்குதான்: மூன்றாவது வழிக்கு வந்த மதிப்பீடு புதுக் கோயிலுக்குச் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சப்படும் பணத்தில் பின்னால் நிரந்தரமாக ஒரு கூரைக் கொட்டகை போடலாம் என்று பங்குத்தந்தை சொன்னதும் இளைஞர்கள் அமைதியானார்கள். பழமையின் பெருமையைச் சொல்லி யாரையும் மாற்ற முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

வேலையின் வரிசையும் ஒரு முடிவுதான். முதலில் தண்ணீர், அதாவது மாடியும் தூம்பும் வெளித்தளமும். பிறகு சுவரை உரித்துக் காயவிடுவது. கடைசியில்தான் பூச்சு. கனமான செங்கல் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் காயும் என்பது பழைய கணக்கு. இரண்டடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒரு வருடம் ஆகும். எங்களுக்குக் கிடைத்தது மாசியிலிருந்து ஆனி வரைதான், ஏனென்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் சுண்ணாம்புப் பூச்சு இறுக வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கெட்டிப்படும், அவசரப்படுத்த முடியாது. ஆகவே கீழ் நாலடிக்கு மட்டும் கரடுமுரடாக, உப்பை வாங்கிக்கொண்டு தானே உதிர்ந்துபோகிற தற்காலிகப் பூச்சு, மேலே முழுப்பூச்சு, கீழ்ப்பகுதியின் கடைசிப் பூச்சு அடுத்த வருடக் கோடையில் என்று பிரித்துக்கொண்டோம்.

பெயர்ப் பலகைகள்

உண்மையில் வேலை தொடங்கத் தாமதமானது இதனால்தான். சுண்ணாம்பையும் தேக்கையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இன்னொரு பங்கு இதே வேலையை எடுத்தால் முதலில் முட்டிக்கொள்ளப் போவது உபயக்காரர்களிடம்தான்.

எடுக்க வேண்டிய ஒவ்வொன்றும் ஒருவருடைய நேர்ச்சை. டைல்ஸ் கொடுத்த சொல்தா குடும்பத்தின் மூத்த அம்மா கூட்டத்துக்கு வரவில்லை, நாங்கள்தான் வீட்டுக்குப் போனோம். 'என் மாமனார் பேரை உடைக்கப் போறீங்களா தம்பி?' என்று கேட்டார். என்னிடம் தயாராக இருந்த பதில் ஈரம், உப்பு, ஆவி. அதை எடுத்துவிடவில்லை. மேஸ்திரிதான் பேசினார். 'அம்மா, ஒருவாட்டி வந்து பாருங்க, பார்த்துட்டு நீங்க வேணாம்னா நான் கை வைக்க மாட்டேன்' என்றார். அந்த அம்மா வந்து, பெயர்த்த டைல்ஸுக்குப் பின்னால் கைவைத்துப் பார்த்தார். செங்கல் பொடி உள்ளங்கையில் ஒட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மாமனார் பெயர் மறையக் கூடாது, டைல்ஸைக் குப்பையில் போடக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். டைல்ஸில் முழுதாக வந்ததெல்லாம் மறைக்கல்வி வகுப்பறையின் கழிவறைச் சுவருக்குப் போகும் என்றால் வேண்டாம் என்பார் என நினைத்துத் தயங்கித்தான் சொன்னோம். 'பிள்ளைங்களுக்குத்தானே, போடுங்க' என்றார்.

எல்லாரும் அப்படி இல்லை. பீடத்துக்கு வலதுபக்கச் சுவரில் இன்னொரு குடும்பம் விலை உயர்ந்த பளிங்குப் பலகைகள் பதித்துக் கொடுத்திருந்தது. அவர்கள் சம்மதிக்கவே இல்லை. பேச்சு கசப்பாகி, காணிக்கைக் கணக்குவரைக்கும் போயிற்று. வற்புறுத்த வேண்டாம், அந்த ஒரு சுவரை அப்படியே விடுங்கள் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். எனக்கு அது அன்று சரியாகப் படவில்லை. கட்டடக் கலைஞருக்கும்தான். ஆனால் பங்கு இரண்டாக உடைந்தால் மாடியை அடிப்பதற்குக்கூட ஆள் வரமாட்டார்கள் என்பது பங்குத்தந்தைக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் எல்லாப் பெயர்ப் பலகைகளையும் பெயர்த்து எடுத்து, மணிக்கூண்டின் கீழ் அறையில் சேர்த்துப் பதித்தோம், கொடுத்த வருடத்தின் வரிசைப்படி. இனிமேல் உபயம் பணமாக மட்டும், எதற்குச் செலவு என்பதைக் குழு முடிவு செய்யும் என்று பேரவை தீர்மானம் போட்டது.

வேலை நடந்த விதம்

2023 மாசியில் மாடியில் தொடங்கினோம். டைல்ஸ், கான்கிரீட், கீழே உளுத்த ஜல்லித்தளம் எல்லாம் கையால் உடைத்து எடுக்கப்பட்டன. டிரில்லிங் இயந்திரம் வேண்டாம் என்று மேஸ்திரி பிடிவாதமாக இருந்தார், அதிர்வில் கீழ்ச் செங்கல் வரிசை கழன்றுவிடும் என்று. தேக்குக் கட்டைகளில் உளுத்த முனையை மட்டும் வெட்டிவிட்டு, புதுச்சேரியில் பழைய வீடுகளை இடித்து விற்கும் மரக்கடையில் அதே வயதுத் தேக்கு வாங்கி, ஆசாரி ஒட்டுப்போட்டு, துருப்பிடிக்காத எஃகுத் தகடு கொடுத்து முடுக்கினார். சுவரில் கட்டை நுழையும் குழியைச் சாந்தால் இறுக்கி அடைக்காமல் சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டோம்.

சுண்ணாம்பு வந்ததும் பெரிய வேலையாகிவிட்டது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றினால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும், ஆகவே பிள்ளைகள் பக்கத்தில் வராமல் கயிறு கட்டினோம். நீற்றியதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவைத்துத்தான் எடுத்தார் மேஸ்திரி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்பை வெளியேற்ற இத்தனை பாடுபட்டுவிட்டு உப்புத் தண்ணீரிலேயே சாந்து குழைத்தால் என்ன அர்த்தம்? நல்ல தண்ணீர் டேங்கர் வாங்கினோம். செலவுப் பட்டியலில் யாரும் எதிர்பார்க்காத வரி அது.

ஜல்லித்தளம் நாலு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தது முக்கியமாகப் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, பின்னுக்கு நகர்ந்துகொண்டே அடிப்பார்கள். மூன்று அங்குலமாக இறுகி, கட்டை பட்டதும் துள்ளித் திரும்புகிற பதம் வரும்வரை நாள்கணக்கில் போகும். பங்கிலிருந்தும் பலர் வந்து அடித்தார்கள். இந்தத் தடவை எல்லாருக்கும் பங்கு இருந்தது, பெயர்ப் பலகை மட்டும் இல்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. புதுச்சேரியில் துய்மா வீதிக் கோயிலின் உள்பூச்சில் முட்டை வெள்ளை சேர்ந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. 1855இல் முடிந்த அந்தக் கோயிலைக் கப்ஸ் கோயில் என்போம். 'சுண்ணாம்பு வேலையாம்' என்று கேள்விப்பட்டதும் வீடுவீடாக முட்டை வரத் தொடங்கியது, அட்டை அட்டையாக. எங்கள் வேலையில் பீடத்து வளைவின் கடைசி மெழுகுப்பூச்சுக்குத்தான் கொஞ்சம் தேவைப்பட்டது. மிச்சம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் போயிற்று, அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும்.

வெளியே சுவரை ஒட்டிய இரண்டடி அகலக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, பள்ளம் தோண்டிக் கருங்கல் ஜல்லி நிரப்பி, வாட்டம் கொடுத்துக் குளத்துப் பக்கம் திருப்பினோம். உள்ளே சுவரோரத்துக் கிரானைட்டில் ஒரு வரிசையை மட்டும் எடுத்துச் செங்கல் ஓடு பதித்தோம். முழுத் தரையையும் எடுக்கப் பணமும் இல்லை, மனமும் இல்லை.

உரித்த சுவரோடு அந்த வருட ஈஸ்டர் வந்தது. செங்கல் தெரிய, அங்கங்கே பள்ளமாக, கோயில் பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு குடும்பம் கல்யாணத்தை வேறு கோயிலுக்கு மாற்றிக்கொண்டது. 'இன்னும் ஏன் பூசல?' என்ற கேள்வி எங்கே போனாலும் வந்தது. சீக்கிரம் பூசச் சொல்லிப் பேரவையிலிருந்தே நெருக்கினார்கள். மேஸ்திரி வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து மறுநாள் அது ஈரமாக இருப்பதைக் காட்டுவார், அவ்வளவுதான் அவருடைய வாதம். ஆடியில் பூச்சு தொடங்கியது. மேல்காற்றில் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்குப் பலமுறை நனைத்தோம். புரட்டாசியில் முடிந்தது. மணிக்கூண்டில் துருவேறியிருந்த இரும்புக் கொக்கிகளை மாற்றினதும், இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்ததும் இதே சாரத்தில் முடிந்துவிட்டன.

என்ன ஆனது

2023 மழை சாதாரணமாகக் கழிந்தது. கீழ் நாலடியில் உப்பு வெள்ளையாக வெளியே வந்தது, பூச்சு பொடியாக உதிர்ந்தது. பார்த்தவர்கள் வேலை கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல, அது உதிர்வதற்காகவே போட்டது என்று விளக்கி விளக்கி எங்களுக்குச் சலித்துவிட்டது. உப்பை ஈரமில்லாத தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும். 2024 கோடையில் கீழ்ப்பகுதிக்குக் கடைசிப் பூச்சு முடிந்தது.

சுண்ணாம்பு அடித்ததில் ஒரு புகார் நியாயமாகவே வந்தது. திருவிழாவன்று சுவரில் சாய்ந்த பெண்களின் பட்டுச்சேலையில் எல்லாம் வெள்ளை. அடுத்த தடவை சுண்ணாம்பில் வஜ்ஜிரம் (தோலிலிருந்து காய்ச்சும் பசை) சேர்த்து அடித்ததும் ஒட்டுவது பெரும்பாலும் நின்றது.

உண்மையான சோதனை 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியது. கோயில் மாடியில் தண்ணீர் தேங்கவில்லை, தூம்புகள் முழுவாயோடு கொட்டின, உள்ளே கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் சாலை வருடாவருடம் உயர்ந்து வளாகம் பள்ளமாகிவிட்டதால் வெளியே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, ஜல்லிப் பள்ளம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. சுவரின் அடிப்பகுதி முழுக்க நனைந்தது.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமானது. இடதுபக்கச் சுவர், அதாவது 2015இலிருந்து தொந்தரவு கொடுத்துவந்த அதே சுவர், மாசி முடிவதற்குள் காய்ந்துவிட்டது. அடியில் ஓரடிக்கு உப்பு பூத்தது, அவ்வளவுதான். அதே வெள்ளத்தில் நனைந்த வலதுபக்கச் சுவர், பளிங்கை எடுக்கவிடாத சுவர், வைகாசி வந்தும் காயவில்லை. பளிங்குக்கு மேலே புதுசாகப் போட்ட சுண்ணாம்புப் பூச்சிலேயே ஈரக்கோடு ஏறி நின்றது. இரண்டு பலகைகள் தானாகப் பிதுங்கின. ஒரே கோயில், ஒரே செங்கல், ஒரே மழை. இப்படி ஒரு ஒப்பீட்டை நாங்களே திட்டமிட்டிருந்தாலும் பங்கு சம்மதித்திருக்காது.

மறுபடி செய்தால்

வெளியிலிருந்து தொடங்குவேன். சாலை மட்டத்தையும் வளாகத்தின் வாட்டத்தையும் முதலில் அளந்து, வளாகத் தண்ணீர் வெளியேற வாய்க்கால் போட்டுவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். இந்தத் தடவை அதற்குச் சாலைக்காரர்களோடும் பஞ்சாயத்தோடும் பேசவேண்டி இருந்ததால் தள்ளிப்போய்விட்டது. இனிமேல் வளாக நுழைவாயிலில் மேடு கட்டுவதும் வாய்க்கால் வெட்டுவதும்தான் அடுத்த வேலை.

உபயக்காரர்களை மதிப்பீடு வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும், கூட்டத்தில் வைத்துப் பேசக் கூடாது, ஒரு டைல்ஸைப் பெயர்த்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கவைத்துப் பேச வேண்டும். உரித்த சுவர் எத்தனை மாதம் அப்படியே இருக்கும் என்பதைப் பூசை அறிவிப்பிலேயே மாதத்தோடு சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும்.

பராமரிப்புக்கு இப்போது அன்பியங்கள் (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) முறை வைத்திருக்கின்றன. ஆடி முடிவதற்குள் ஒரு அன்பியம், ஐப்பசி பிறக்கும் முன் இன்னொன்று, மாடி ஏறித் தூம்பைச் சுத்தம் செய்து, இடுக்கில் முளைத்த கன்றைப் பிடுங்கி, நோட்டில் தேதியும் பெயரும் எழுத வேண்டும். மாடிச் சாவி முன்பு சக்ரீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) எங்கோ கிடக்கும், கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது உபதேசியாரிடம் ஒன்று, பேரவைச் செயலாளரிடம் ஒன்று. முதல் வருடம் நோட்டு ஒழுங்காக நிரம்பியது. இரண்டாவது வருடம் ஒரு அன்பியம் வரவில்லை, தூம்பில் புறா கூடு கட்டியிருந்ததை மழைக்கு ஒரு வாரம் முன்னால்தான் பார்த்தோம். சம்பளத்துக்கு ஒரு ஆளை வைப்பது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. அதற்கு யாராவது மாதாமாதம் உபயம் கொடுக்க முன்வந்தால் சரி, பெயர்ப் பலகை கேட்காமல்.

வலதுபக்கச் சுவரின் குடும்பத்திலிருந்து மருமகன் போன மாதம் வந்து பிதுங்கிய பலகைகளைப் பார்த்துவிட்டுப் போனார். பெரியவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மேஸ்திரியிடம் அந்தச் சுவருக்கு மட்டும் மதிப்பீடு வாங்கிவைத்திருக்கிறோம், தை மாதத்துக்கு.